சீவாவிலிருந்து திரும்பும் வழி

கடந்த நவம்பரில் நானும் என் சிநேகிதி வதனியும் எகிப்தின் மேற்குப் பாலைவனத்தில் இருக்கும் சீவா என்ற சோலைக்குப் போய்வந்தோம். ஆறு இரவுகள் தங்குவதாகத் திட்டம். இரண்டு இரவுகள்தான் தங்கினோம். அங்கே எடுத்த படம் ஒன்றை இந்தப் பக்கத்தில் போட்டதிலிருந்து வழி என்ன, செலவு என்ன, பெண்கள் தனியாகப் போகலாமா என்று பலர் கேட்டு எழுதிவிட்டீர்கள். பதில் எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். படத்தில் தெரியும் அந்த நீலத் தண்ணீர் உண்மைதான். ஆனால் அதை மட்டும் எழுதினால் அந்தப் பயணத்தைப் பற்றி நான் எதுவும் எழுதாததாகத்தான் இருக்கும். வதனியிடம் கேட்டேன். "எழுது, என்ர பேரையும் போடு" என்றாள்.

பாலைவனம் மனதை ஆற்றும், மௌனம் ஏதோ கற்றுத்தரும் என்றெல்லாம் நம்பிப் போகிற ஆள் நான் இல்லை. யோசனை வதனியுடையது. அவள் ரொறன்ரோவில், மல்வேர்ன் பகுதியில் இருக்கிறாள். முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை, பதினெட்டு வருடமாக. மற்றவர்களின் தாய் தகப்பனைத் தூக்கியும் புரட்டியும் முதுகு போய்விட்டது. தண்ணீருக்குள் நின்று பயிற்சி செய்யச் சொல்லி மருத்துவர் சொன்னார். அவளுக்கு நீந்தத் தெரியாது. இடுப்பளவு தண்ணீர் என்றாலே பயம். யாரோ ஒருத்தி சீவாவின் உப்புக் குளத்தில் மல்லாந்து கிடக்கும் காணொளியைப் பார்த்துவிட்டு எனக்கு அனுப்பினாள்.

"நீந்தத் தேவையில்லையாம். தாழவும் விடாதாம். எனக்கெண்டே செய்து வச்ச தண்ணி."

"உப்பு வாங்கி உன்ர குளிக்கிற தொட்டிக்க கொட்டினா மலிவா முடியும்" என்றேன்.

"உனக்குச் சந்தோசப்படுறதெண்டாலும் ரெண்டு அத்தாட்சி காட்டோணும், என்ன?"

நவம்பரில் நான் இருக்கும் ஸ்காபரோவில் ஐந்து மணிக்கு முன்னரே இருட்டிவிடும். வேலையால் வந்து யன்னல் சீலையை இழுத்துவிட்டால் மறுநாள் காலைவரை அதே சுவர்கள்தான். எனக்கும் அந்த மாதத்தைக் கடக்க ஏதாவது தேவைப்பட்டது. சரி என்றேன்.

வதனியின் அப்பாவைப் பற்றியும் இங்கே சொல்லவேண்டும். எண்பத்திரண்டு வயது. எங்கள் எல்லோருக்கும் அவர் ஐயா. ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரில் மூத்த மகன் ரகு அண்ணையுடன் இருந்தார். நாங்கள் புறப்படும்போது தன் கோப்பையைத் தானே கழுவி வைக்கும் அளவுக்குச் சுகமாக இருந்தார்.

இனி வழி. ரொறன்ரோவிலிருந்து கெய்ரோவுக்கு நேரடி விமானம் இருக்கிறது, ஆனால் எல்லா நாளும் இல்லை. ஏறத்தாழ பதினொரு மணித்தியாலம். எங்களுக்குப் போகவர ஆளுக்கு 1,340 டொலர். விசாவை இணையத்தில் முன்னதாகவே எடுத்துக்கொண்டோம். கெய்ரோவில் ஓர் இரவு தங்கிவிட்டுப் பேருந்து பிடித்தோம். ஆளுக்கு 700 எகிப்தியப் பவுண், எங்கள் காசில் இருபது டொலர். சீவா கெய்ரோவிலிருந்து ஏறத்தாழ 750 கிலோமீற்றர். லிபிய எல்லை கூப்பிடு தூரம் என்று சொல்லலாம். வழமையான பயணிகள் விமானம் கிடையாது, ரயில் கிடையாது. மத்தியதரைக் கடலோரமாக மெர்சா மத்ரூ என்ற ஊர்வரை போய், அங்கிருந்து தெற்கே திரும்பி இன்னும் 300 கிலோமீற்றர் பாலைவனத்துக்குள் இறங்கவேண்டும்.

இந்தக் கடைசி 300 கிலோமீற்றரைக் கவனியுங்கள். மணல்மேடுகளை எதிர்பார்க்காதீர்கள். சாம்பல் நிறக் கல்லுத்தரை, மின்கம்பங்கள், காற்றில் அள்ளுண்டு வந்து கம்பியில் சிக்கிய பொலித்தீன் பைகள். மத்ரூவை விட்டுக் கொஞ்ச நேரத்திலேயே கைத்தொலைபேசிச் சமிக்ஞை அறுந்துவிட்டது. சீவாவுக்குக் கிட்ட வந்துதான் திரும்பி வந்தது. நடுவழியில் ஒரு தேநீர்க் கடை உண்டு. அங்கேயும் இல்லை. மூன்றரை, நான்கு மணித்தியாலத்துக்கு உங்களை யாரும் பிடிக்கமுடியாது. அப்போது அது எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

சோதனைச் சாவடிகளில் கடவுச்சீட்டைக் கேட்பார்கள். அதன் பிரதிகள் ஆளுக்குக் குறைந்தது ஆறு கையில் இருக்கட்டும். கொடுத்தால் வேகமாக விடுகிறார்கள். கதவோரம் இருந்த என்னிடம் ஒரு சிப்பாய் எந்த நாடு என்று கேட்டான். கனடா என்றேன். "இல்லை, உண்மையாக எந்த நாடு?" என்றான்.

"பாத்தியே, இஞ்சயும் அதே கேள்வி" என்றாள் வதனி. "இதுக்கோ பன்னிரண்டு மணித்தியாலம் பஸ்ஸில இருந்தனாங்கள்?"

சீவாவில் உப்பும் களிமண்ணும் குழைத்துக் கட்டிய விடுதி ஒன்றில் தங்கினோம். இருவருக்கும் ஓர் அறை, இரவுக்கு 2,000 பவுண். பகலில் வெயில் நன்றாக இருந்தாலும் இரவு குளிரும். அறையில் சூடாக்கி இல்லை, மூன்று கம்பளி தந்தார்கள். ஊர் நடுவில் பழைய களிமண் கோட்டை. சுமார் நூறு வருடத்துக்கு முன் பெய்த மழையில் கரைந்து, தின்று மிச்சம் வைத்த பண்டம் போல நிற்கிறது. படங்களில் பேரீச்சந்தோப்புகள் பச்சையாகத் தெரியும். அவை இருக்கின்றன. அவற்றுக்கு அப்பால், ஏரி ஓரங்களில், உப்பு ஏறிச் செத்த பேரீச்சைகள் தலையில்லாமல் வரிசையாக நிற்பதையும் பார்ப்பீர்கள். நிலத்தடியிலிருந்து அளவுக்கு மீறி எடுத்த தண்ணீர் வடிய இடமில்லாமல் ஏரியாகத் தேங்கி, அந்த உப்பே தோட்டத்தைத் தின்கிறது என்று எங்கள் சாரதி யூசுப் சொன்னார். தண்ணீர் கூடியதால் சாகும் பாலைவனம். அதைக் கேட்டபின் அந்த நீல நிறத்தை என்னால் முழுமனதோடு ரசிக்க முடியவில்லை.

யூசுப்புக்கு நாற்பது வயதளவு, பழைய ஜீப் ஒன்று வைத்திருந்தார். விடுதிக்காரர் ஒழுங்குபடுத்தித் தந்தார். அரை நாளுக்கு 1,200 பவுண். ஆங்கிலம் கொஞ்சம்தான், ஆனால் தேவையானது எல்லாம் இருந்தது. மூன்றாம் நாள் காலை பத்தரைக்கு எங்களை உப்புக் குளங்களுக்குக் கூட்டிப்போனார். உப்பு வெட்டி எடுத்த நீளமான குழிகள் அவை. கரை வெள்ளை வெளேரென்று கண்ணைக் குத்தும். கறுப்புக் கண்ணாடி அவசியம். உப்புக் கட்டி காலை அறுக்கும், ரப்பர் செருப்போடு இறங்குங்கள். உடம்பில் சின்னக் கீறல் இருந்தாலும் எரியும். குளித்தபின் கழுவ நல்ல தண்ணீர் மூன்று போத்தல் கொண்டுபோங்கள். பெண்கள் நீளமான சட்டையோடு இறங்குவது நல்லது; நாங்கள் அப்படித்தான் இறங்கினோம்.

வதனி என் தோளைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. பின்தலையை என் கையில் வைத்து மெதுவாகச் சாய்ந்தாள்.

"விட்டிடாதை. சொல்லிப்போட்டன், விட்டிடாதை."

"இல்லை."

"விட்டிட்டியோ?"

"எப்பவோ விட்டாச்சு."

அவள் ஒரு கணம் மூச்சை அடக்கினாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பில் உடம்பு குலுங்க, தண்ணீரும் குலுங்கியது. அவள் அப்படிச் சிரித்து நான் பல வருடம் கண்டதில்லை. நான் கரையேறிக் கைகழுவிப் படமெடுக்கக் கைத்தொலைபேசியை எடுத்தேன். நீங்கள் பார்த்த படம் அதுதான். எடுத்து முடியத் தொலைபேசி அடித்தது.

"சுமதி, ரகு கதைக்கிறன். அவள் பக்கத்தில நிக்கிறாளோ?"

"இல்லை அண்ணை, தண்ணிக்க கிடக்கிறா. ஏன், அங்க இப்ப விடியக்காலமையெல்லோ?"

"கொஞ்சம் தள்ளிப் போம்."

நான் ஜீப்புக்குப் பின்னால் போனேன்.

"ஐயாவுக்கு ராத்திரி ஸ்ட்ரோக். பெரிசு. வலப்பக்கம் இழுத்துப்போட்டுது, பேச்சில்லை. இப்பதான் ஆஸ்பத்திரியால வாறன். ரெண்டு மூண்டு நாள் எண்டு டொக்டர் சொல்லுறார்."

"நினைவிருக்கோ?"

"இடைக்கிடை கண் முழிக்கிறார். கூப்பிட்டாப் பாக்கிறார். கேக்குது போலதான் கிடக்கு."

"நான் இப்பவே அவவைக் கூப்பிடுறன்."

"விசர் வேலை பாக்காதையும். பயணத்தில நிக்கிறவளுக்கு உதைச் சொல்லுறதே? அந்த வனாந்தரத்தில அவள் விழுந்து கத்தினா ஆர் பிடிக்கிறது? ஏதாவது பொய்ச்சாட்டுச் சொல்லிக் கூட்டிக்கொண்டு வாரும். வீட்ட வந்தாப்பிறகு நான் பக்குவமாச் சொல்லுறன்."

"என்ன சாட்டு அண்ணை?"

"உமக்குச் சுகமில்லையெண்டு சொல்லும். தலைச்சுத்து, நெஞ்சுக்குத்து, ஏதாவது."

இதை வாசிக்கிற பலருக்கு விளக்கம் தேவையில்லை. எங்கள் வீடுகளில் கெட்ட செய்தியை நேரம் பார்த்துத்தான் இறக்குவார்கள். சோதனை எழுதும் பிள்ளைக்குச் சொல்வதில்லை. வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளுக்குச் சொல்வதில்லை. தூரத்தில் இருப்பவருக்கு "கொஞ்சம் சுகமில்லை" என்று தொடங்குவார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதுமே ஆள் முடிந்துவிட்டார் என்று எங்களுக்கு விளங்கிவிடும். பயணத்தில் இருப்பவருக்கு அதுவும் கிடையாது. வீடு வரும்வரை ஊர் முழுக்கத் தெரிந்திருக்கும், அவருக்கு மட்டும் தெரியாது. இதைப் பற்றி எனக்கு எப்போதும் நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை. ஆனால் அவர் என் அப்பா இல்லை. கேட்டவர் அவருடைய மகன். நான் தொலைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டுக் கரைக்கு வந்து, தலை சுற்றுகிறது என்றேன்.

சாட்டைக் கேட்கப்போகிற ஆள் ஒரு பராமரிப்புத் தொழிலாளி என்பதை ரகு அண்ணையும் நானும் யோசிக்கவில்லை. வதனி உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்ட எழுந்து வந்தாள். முகத்தில் உப்புக் காய்ந்து வெள்ளையாகிக்கொண்டிருந்தது, துடைக்கவில்லை. என்னை ஜீப்பில் கிடத்தி, விடுதிக்குக் கொண்டுபோய்ப் படுக்கவைத்து, காலுக்குக் கீழே இரண்டு தலையணை வைத்தாள். எலுமிச்சம்புளியில் உப்பும் சீனியும் போட்டுப் பருக்கினாள். தன் பெட்டியிலிருந்து இரத்த அழுத்தக் கருவியை எடுத்தாள். இந்தப் பெண் அதைப் பாலைவனத்துக்கும் கொண்டுவந்திருந்தாள்.

"நூற்றி இருபத்தெட்டுக்கு எண்பது. எனக்கு இதைவிடக் கூட."

"எண்டாலும் எனக்கு ஏலாமல் கிடக்கு. கெய்ரோவுக்குப் போவம். அப்பிடியே வீட்ட போவம்."

"இந்த நிலையில உன்னைப் பத்து மணித்தியாலம் கார்ல ஏத்துறதோ? வழியில செத்துக்கித்துப் போனியெண்டா உன்ர தம்பிக்கு நான் என்னண்டு சொல்லுறது? பேசாமல் படு."

இதுதான் நடந்தது. அவளைப் புறப்பட வைக்கச் சொன்ன பொய்யே அவளை அங்கே கட்டிப்போட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். அவள் கட்டில் ஓரத்தில் ஈரச் சட்டையோடு இருந்து அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். வெளியே யாரோ கழுதை வண்டி ஓட்டிப்போகும் சத்தம் கேட்டது. இன்னும் கொஞ்சம் போகட்டும், ஒரு வழி தோன்றும் என்று நினைத்தேன். ஒன்றும் தோன்றவில்லை. இரண்டு மணியாகிவிட்டது.

"சுமதி, கண்ணைத் திற. நீ ஏமாத்துறாய்."

திறந்தேன்.

"உது சுகமில்லாத ஆக்களின்ர முகமில்லை. செய்தி வச்சிருக்கிற ஆக்களின்ர முகம். பதினெட்டு வருசமா நான் உதைத்தான் பாக்கிறன். ஆர்? பிள்ளையோ?"

அவளுடைய மகள் மது வன்கூவரில் வேலை செய்கிறாள். "இல்லை, இல்லை. மது சுகமா இருக்கிறாள். ஐயா" என்றேன்.

அவள் விழுந்து கத்தவில்லை. எந்தப் பக்கம் இழுத்தது, கண் திறக்கிறாரா, விழுங்குகிறாரா என்று கேட்டாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பிறகு, "அண்ணா எத்தினை மணிக்கு எடுத்தவர்?" என்றாள்.

"பதினொரு மணிக்கு."

மேசையில் கிடந்த மணிக்கூட்டைப் பார்த்தாள்.

அடுத்த ஒரு மணித்தியாலம் இப்படிப் போனது. மறுநாள் விடிய நான்கேகாலுக்குக் கெய்ரோவிலிருந்து ஐரோப்பா வழியாக ஒரு விமானத்தில் இரண்டு இடம் இருந்தது. அதைப் பிடிக்க நான்கு மணிக்கு முன் சீவாவை விட்டாகவேண்டும். யூசுப் காரோடு வருவதாகச் சொன்னார், கெய்ரோவுக்கு 9,000 பவுண். வதனி ரகு அண்ணைக்கு எடுத்தாள், கிடைக்கவில்லை. இரவு முழுக்க விழித்த மனிதர், தொலைபேசியை நிறுத்திவிட்டுத் தூங்கியிருக்கவேண்டும். மருத்துவமனைக்கு எடுத்தாள். ஐயா அமைதியாக இருக்கிறார், கட்டிலுக்குப் பக்கத்தில் தொலைபேசி இல்லை, மகன் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார், அவருடைய கைத்தொலைபேசியில் கதைக்கலாம் என்று தாதி சொன்னாராம். அங்கே பத்து என்றால் சீவாவில் மாலை ஐந்து. ஐந்து மணிக்கு நாங்கள் அந்த 300 கிலோமீற்றருக்கு நடுவில், யாருக்கும் எட்டாமல் இருப்போம். மத்ரூவில் சமிக்ஞை வரும்போது அங்கே மத்தியானம் தாண்டியிருக்கும்.

"போவம்" என்றேன். "மத்ரூவில இருந்து கதைக்கலாம். ரெண்டரை மணித்தியாலம்தான் வித்தியாசம்."

வதனி பெட்டியின் மேல் இருந்தாள். "வேலையில எத்தினை பேரின்ர காதில போனைப் பிடிச்சிருக்கிறன் தெரியுமே? லண்டனில ஒரு மகள், சிட்னியில ஒரு மகன். காலமை பாக்கிற கண் மத்தியானம் பாக்காது. பின்னேரம் எடுக்கிறன் எண்டு சொன்ன பிள்ளையள் எல்லாருக்கும் நான்தான் பிறகு 'ஸொறி' சொல்லுறனான்." பெட்டியை விட்டு எழும்பினாள். "போய்ச் சேர்ந்தாலும் அவர் இருப்பாரெண்டு ஒரு நிச்சயமுமில்லை. இது நிச்சயம். நான் நிண்டு கதைச்சிட்டுத்தான் வாறன்."

யூசுப்பிடம் ஆறு மணிக்கு என்று சொன்னோம். விமானத்தை விட்டோம்.

மகன் வந்ததும் தனக்கு எடுக்கச் சொல்லும்படி வதனி தாதியிடம் சொல்லிவைத்திருந்தாள். ஐந்து ஐந்துக்கு ரகு அண்ணை எடுத்தார். மொட்டைமாடியில் சமிக்ஞை கொஞ்சம் பலமாக இருந்ததால் அங்கே நின்றோம். அவர் குரல் எனக்கும் கேட்டது.

"ஆர் உனக்குச் சொன்னது? சுமதியோ?"

"அண்ணா, பிறகு கோவியுங்கோ. போனை அவற்ற இடக் காதில வையுங்கோ. ஸ்பீக்கர் போடாதேங்கோ, நல்லா ஒட்டி வையுங்கோ."

"நீ அழுவாய். அவர் குழம்பிப்போடுவார்."

"அழுறனே இப்ப? குரலைக் கேளுங்கோ. வையுங்கோ அண்ணா."

போனை இடம் மாற்றும் உரசல் கேட்டது. பிறகு வதனி பேசத் தொடங்கினாள்.

"ஐயா, வதனி. ஓம்... ஓம், சாப்பிட்டிட்டன்." இடைவெளி விட்டாள். "சோறில்லை ஐயா, ரொட்டி மாதிரி ஒண்டு. நல்லாத்தான் இருந்தது." மறுபடி இடைவெளி. "குளிரெல்லாம் இல்லை. ஸ்வெற்றர் போட்டிருக்கிறன். முதுகு பரவாயில்லை. இண்டைக்குத் தண்ணியில மிதந்தன் ஐயா. நான்தான். ஒருத்தரும் பிடிக்கேல்லை. தாழவேயில்லை."

அவர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு, அவர் கேட்டதாகவே வைத்து, ஒவ்வொன்றாகப் பதில் சொன்னாள். நாலு நிமிடம் இருக்கும். கடைசியில் "வாறன் ஐயா, வந்துகொண்டிருக்கிறன்" என்றாள். ரகு அண்ணை மறுபடி தொலைபேசியை எடுத்தார்.

"கண் முழிச்சிருந்தவர்" என்றார். "வேற எனக்கு ஒண்டும் சொல்லத் தெரியேல்லை."

அவருக்குக் கேட்டதா, விளங்கியதா என்று எனக்கும் தெரியாது. தெரிந்ததாக எழுதமாட்டேன்.

போன வழியிலேயே திரும்பினோம். யூசுப் வழக்கமாகக் காரில் போடும் பாட்டைப் போடவில்லை. முதல் சாவடியில் சிப்பாய் பிரதிகளை வாங்கி, கைவிளக்கை முகத்தில் அடித்து, சுற்றுலாவா என்று கேட்டான். "ஓம், சுற்றுலா" என்றாள் வதனி ஆங்கிலத்தில்.

கெய்ரோவில் அடுத்துக் கிடைத்தது வியாழக்கிழமை காலை நேரடி விமானம், ஆளுக்கு 1,900 டொலர் புதிதாக. அதற்காகக் காத்திருந்தபோது ஐயா இறந்தார். ரொறன்ரோவில் அது புதன்கிழமை இரவு எட்டு மணி. அந்த முறை ரகு அண்ணை என்னைக் கூப்பிடவில்லை. நேரே தங்கைக்கே எடுத்துச் சொன்னார்.

இனிக் கணக்கு. நாங்கள் விட்ட விமானம் புதன் பிற்பகல் மூன்றரைக்கு ரொறன்ரோவில் இறங்கியது. அதில் ஏறியிருந்தால் வதனி அப்பாவின் கையை இரண்டு மூன்று மணித்தியாலமாவது பிடித்திருப்பாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தில் சாப்பாட்டுப் பந்தியில் ரகு அண்ணை என் முன்னால் வந்து நின்று அதைச் சொன்னார்.

"நீர் சொல்லாமல் கூட்டிக்கொண்டு வந்திருந்தா அவள் மூச்சிருக்கேக்க பாத்திருப்பாள்."

ஆனால் அவர் கணக்கு பிழை. பதினொரு மணிக்கு, அந்தக் குளக்கரையில் வைத்தே, நான் வதனியிடம் சொல்லியிருந்தால் பன்னிரண்டரைக்குப் புறப்பட்டிருப்போம். ஐந்து மணிக்கு மத்ரூவைத் தாண்டிக் கடலோரச் சாலையில், நல்ல சமிக்ஞையோடு இருந்திருப்போம். அங்கே நிறுத்தி ஐயாவோடு கதைத்துவிட்டு நான்கேகால் விமானத்தையும் பிடித்திருப்போம். இரண்டும் கிடைத்திருக்கும். இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்யும்படி அவளை வைத்தது, நான் சுகமில்லாமல் படுத்துக்கிடந்த அந்த மூன்று மணித்தியாலம்.

இதை வதனியிடம் சொன்னேன். அவளும் அதே கணக்கை அன்றைக்கே போட்டுவிட்டாளாம், மணிக்கூட்டைப் பார்த்தபோது.

சரி, போக இருப்பவர்களுக்கு. நவம்பர் முதல் பெப்ரவரி வரை போகலாம், கோடையில் வேண்டாம். உள்ளூர் சிம் அட்டையைக் கெய்ரோவிலேயே வாங்குங்கள். காசாகக் கொண்டுபோங்கள், இயந்திரங்களை நம்பாதீர்கள். பெண்கள் தனியாகப் போகலாம். எங்களுக்கு யாரும் தொல்லை தரவில்லை. பேருந்தில் போனாலும் அவசரத்துக்கு வரக்கூடிய ஒரு காரோட்டியின் இலக்கத்தை முதல் நாளே எடுத்து வையுங்கள். மாற்றக்கூடிய விமானச் சீட்டை எடுங்கள், நூறு இருநூறு கூட என்றாலும். அந்தச் சோலை அழகானது, செத்துக்கொண்டிருப்பது, போய் வர இரண்டு முழு நாள் எடுப்பது. போகலாமா என்று கேட்டால், போகலாம் என்றுதான் சொல்வேன், ஆனால் புறப்படும் முன் வீட்டில் ஒருவரைப் பிடித்து உட்காரவைத்து, ஏதும் நடந்தால் அந்த நிமிடமே எனக்குச் சொல்லவேண்டும், நான் தாங்குவேனா இல்லையா என்று நீங்கள் யோசிக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். தலையாட்டினால் போதாது. வாயால் சொல்ல வையுங்கள்.

வதனி இப்போதும் என்னோடு கதைக்கிறாள். முன்னைப்போல் அடிக்கடி இல்லை. போன கிழமை முதுகுக்கு ஊசி போடும் நாள். கூட்டிப்போக வேறு ஆளில்லாததால் என்னைக் கேட்டாள். மருத்துவமனைத் தரிப்பிடத்தில் காரை நிறுத்திவிட்டு இருவரும் கொஞ்ச நேரம் இறங்காமல் இருந்தோம். கண்ணாடியில் பனி உருகி வழிந்துகொண்டிருந்தது.

"எனக்கு உன்னில கோவம் போகேல்லை" என்றாள்.

"தெரியும்."

"எண்டாலும் எனக்கு ஏதும் நடந்தா மதுவுக்கு நீதான் சொல்லோணும். அவள் எங்க நிண்டாலும். அண்ணா சொல்லமாட்டார்."

"ஓம்."

"சாட்டுச் சொல்லக்கூடாது."

"சொல்லமாட்டன்."

அவள் கதவைத் திறந்து, முதுகைப் பிடித்தபடி ஒரு காலை வெளியே வைத்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள்.

"உடன சொல்லோணும்" என்றாள்.